கருவாட்டு வண்டியில் கேட்ட சத்தம்

தேங்காய் உடைத்து ஒரு ட்ரயல்

பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காயை உடைத்துவிட்டு வந்து நான் வண்டியில் ஏறியதும் வண்டியின் சொந்தக்காரர் நேசையன் கேட்டார்.

"சத்தம் கேட்டுதா அண்ணாச்சி?"

கேட்கவில்லை. எஞ்சின் இரைந்தது, பின்தட்டுப் பலகைகள் கிறீச்சிட்டன, கதவு ஆடியது. அவர் சொன்ன சத்தம் மட்டும் வரவே இல்லை. "இல்லியே" என்றேன். அவர் நாக்கை அண்ணத்தில் ஒட்டி, "டொக்" என்று ஒரு சத்தம் எழுப்பிக் காட்டினார். "இப்பிடியாக்கும் வரும். எனக்க முதுகுக்குப் பின்னால. ஒரே ஒரு தடவ. பொறவு ஒண்ணும் இல்ல."

அது யுத்த காலம். வலியசாலை அக்கிரகாரத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். முதலாளி அதே தெருக்காரர். அவரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல கைவேலைக்காரர். மெட்ராஸில் எஞ்சின் படித்து வந்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கக் கூச்சப்படமாட்டார். பெட்ரோல் கூப்பனில் கிடைத்த நாள்கள் என்பதால், ரிப்பேர் முடிந்த வண்டி பழவங்காடி வரை போய்த் தேங்காய் உடைத்துத் திரும்பி வந்தால் ட்ரயல் முடிந்தது என்று அர்த்தம். சாமியின் வழக்கம் அது. அங்கே போனால் நேசையன் மட்டும் இறங்கமாட்டார். அவர் வேதக்காரர், பாறசாலைப் பக்கம் சபையில் காணிக்கைத் தட்டு எடுப்பவர். நான் தேங்காய் உடைக்கும்போது மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் அண்ணாச்சி என்றுதான் அழைப்பார்.

அவருடைய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறவியில் அது ஒரு டூரிங் கார். யாரோ ஒரு மகாராஜன் அதன் பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டு, அடிச்சட்டமான சேசிஸின் மேல் இரண்டு பக்கமும் நீளவாக்கில் தேக்கு உத்தரம் போல்ட் போட்டு, அதன் மேல் பலகைத் தட்டு அடித்து பிக்கப் ஆக்கியிருந்தான். நாலு ஆட்கள் உட்கார்ந்து போகச் செய்த வண்டியில் மூட்டை மூட்டையாகக் கருவாடு ஏறியது. விழிஞ்ஞத்தில் ஏற்றி, நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாறு வரை கொண்டுபோய் எஸ்டேட் கூலிக்காரர்கள் வாங்கும் கடைக்கு விற்பார். மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளைநிலத்தை விற்று வாங்கிய வண்டி. விளையும் போய்விட்டதால், வீட்டில் அடுப்பு எரிய அந்த வண்டி ஒன்றுதான் வழி. பெஞ்சாதியும் மூன்று பெண்மக்களும் அதை நம்பி இருந்தார்கள்.

மலை ரோட்டில் அந்த டொக் கேட்கும்போதெல்லாம் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும் என்றார். கல்லாற்றுக்குப் போகும் பொன்முடி அடிவாரத்து வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கழற்றியதும் மாட்டியதும்

ஏற்றத்தில்தான் சத்தம் வருகிறது, இறக்கத்தில் வருவதில்லை என்று நேசையன் சொன்னார். சாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஏற்றத்தில் இழுவை கூடும்போது வருகிற சத்தம் என்றால் அது எஞ்சின் இழுவையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்டிலோ டிஃபரென்ஷியலிலோதான் இருக்க வேண்டும் என்றார். தப்பான யோசனை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயிண்டைக் கழற்றினோம். கொஞ்சம் தேய்மானம் இருந்தது. ஸ்பேர் எங்கேயும் கிடைக்காது. சாமி லேத்தில் புதிதாகக் கடைந்து போட்டார். வண்டியைக் காலியாக அப்சர்வேட்டரி மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். சத்தம் இல்லை. தேங்காய் உடைத்தோம். அடுத்த வாரம் நேசையன் வந்து வாசலில் நின்றார். அவர் நிற்கும் தோரணையிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து ஸ்பிரிங்கின் ஷாக்கிள் பின்னும் புஷ்ஷும் மாற்றினோம். அதற்கடுத்து டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரௌன் பினியன் பற்சக்கரத்தைத் திறந்து செட்டிங் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் சத்தம் இருக்காது, மலைக்குப் போனால் இருக்கும். கடைசியில் சாமிக்கு அலுத்துப்போயிற்று.

"தாணு, நோக்கு ஏதாவது கேட்டுதோ?"

"இல்ல சாமி."

"பின்னே? வண்டிலே ஒண்ணுமில்லே. அவனுக்கு வெறுதே தோணறதாக்கும். பயந்தவன் காதிலே எதுவும் கேக்கும்."

நேசையன் பக்கத்தில்தான் நின்றார். மெதுவாகச் சொன்னார்: "பயம் உண்டு சாமி. ஆனா சத்தமும் உண்டு."

இப்போது இதைப் படிக்கிற பையன்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஏற்றத்தில் போகும்போது வண்டியில் சரக்கு இருக்கும். இறங்கும்போது காலியாக இருக்கும். அப்படியிருக்க ஒரு தடவையாவது சரக்கோடு ஓட்டிப் பார்க்க வேண்டாமா? கேட்கச் சுலபம். சாமியின் ஷெட்டுக்கும் அவர் வீட்டுப் பின்கட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கருவாட்டு வண்டி அந்தச் சந்துக்குள் வரக்கூடாது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். நேசையன் சரக்கை இறக்கிவிட்டு, கரமனை ஆற்றில் வண்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, நாற்றம் போகப் பலகையில் சாம்பல் பூசி, அதன் பிறகுதான் கொண்டுவருவார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. கோயிலுக்குப் போகிறவன் கால் கழுவுவதைப்போல அது அவருக்கு இயல்பாக இருந்தது. வண்டி எப்போதும் காலியாகவும் சுத்தமாகவும் வந்ததால், சுமையைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் நினைப்பே எழவில்லை. கையில் ஸ்பானரோடு இத்தனை பேர் இருந்தும் மேட்டையும் பாரத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை

எஸ்டேட் கடைக்காரர் வேறு லாரிக்காரரிடம் பேச ஆரம்பித்துவிட்டார் என்று ஒருநாள் நேசையன் வந்து சொன்னார். வண்டி பாதி நாள் எங்கள் ஷெட்டில் கிடந்தால் கடைக்காரர்தான் என்ன செய்வார்? நேசையன் என்னைத் தனியாகச் சாலைக் கம்போளச் சந்தை முனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒரே ஒரு தடவ எனக்க கூட கல்லாறு வரைக்கும் வாங்க அண்ணாச்சி. நீங்க ஒருத்தராவது அந்தச் சத்தத்தக் கேட்டாப் போதும். இல்லேண்ணா எனக்குப் பிராந்து புடிச்சுப் போச்சுன்னு வீட்டுலயும் நெனச்சிருவாவ."

சாமியிடம் லீவு கேட்டேன். "மீன் வண்டிலே என் ஆளை ஏத்தி அனுப்பச் சொல்றயா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு விடுமுறை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதை மறுபடி அதே முனையில் நின்று நேசையனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியைத் தொடமாட்டார். எந்த அவசரத்துக்கும் தொட்டதில்லை. அது ஓய்வுநாள், கர்த்தருடைய நாள். அவர் கடைத்தெருவில் நின்றுகொண்டே கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறார் என்று புரிந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

"செரி. வருதேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். சபைக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பித்தான் வரை மாட்டியிருந்தார். பின்தட்டில் திங்கட்கிழமைக்கான கருவாட்டு மூட்டைகள்.

நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே, பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டேன். நெடுமங்காடு தாண்டும்வரை ஒன்றுமில்லை. விதுரைக்கு அப்பால் இடதுபக்கம் ஒரு வளைவு. வண்டி சரிந்து திரும்பியது.

டொக்.

என் காதுக்கு நேர் கீழே. நேசையன் நாக்கால் எழுப்பிக் காட்டியது அப்படியே இதுதான். "நிப்பாட்டும் வே!" என்று கத்தினேன். அவர் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

"கேட்டுதுல்லா! நான் பொய் சொல்லல்லல்லா!"

அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கல்லாறு

கல்லாற்றில் ஆற்றோரம் சமதரையில் நிறுத்தச் சொல்லிவிட்டு அடியில் புகுந்தேன். சத்தம் கேட்டதற்கு நேர் கீழே, பின் ஸ்பிரிங்கின் முன்முனையைச் சேசிஸோடு சேர்த்து ரிவிட் அடித்திருக்கும் இடம். வெளிப்பக்கம் அந்தத் தேக்கு உத்தரம் மறைத்துக்கொண்டிருந்தது. கருவாட்டு உப்புநீர் வடிந்து வடிந்து மரம் கறுத்திருந்தது. போல்ட்டைத் தளர்த்தி உத்தரத்தைக் கம்பியால் நெம்பினேன்.

சேசிஸ் பட்டை கீழிருந்து மேலாக விண்டிருந்தது. மேலே ஒரு விரற்கடை மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. நேசையனை மேலே ஏறி மூட்டைகளின் மேல் அசைந்து நிற்கச் சொன்னேன். விரிசல் வாய்போலத் திறந்தது, மூடியது. மூடும்போது டொக். சரக்கில்லாவிட்டால் அது இறுக மூடிக்கொண்டு சும்மா இருக்கும். ஷெட்டில் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இரும்பு உடைந்தால் அதன் வெட்டுமுகத்தைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம். கீழ்ப்பகுதி கறுத்து, துருவும் உப்பும் பொரிந்து கிடந்தது. அது பழைய விரிசல். மேலே போகப் போக வெள்ளி போல மின்னியது. அது அண்மையில் விண்டது. நேசையன் முதல் தடவை எங்களிடம் வந்த நாளில் அந்தக் கறுப்புப் பகுதி மட்டும்தான் இருந்திருக்கும். அன்றைக்கே உள்பக்கம் ஒரு பட்டை வைத்து ரிவிட் அடித்திருந்தால் வண்டி இன்னும் ஓடியிருக்கும். நாங்கள் டிஃபரென்ஷியலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேசையன் சட்டைக் கழுத்துப் பித்தானைக் கழற்றிவிட்டு ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழம" என்றார்.

"என்ன வே?"

"எனக்குத் தெரிஞ்சுதான் வண்டிய எடுத்தேன். அந்த நாளுல எடுத்தேன், அன்னைக்கே கர்த்தர் ஒடச்சுட்டாரு."

"இன்னைக்கு ஒடஞ்சதில்ல வே. வந்து பாரும், துருப் பிடிச்சுக் கெடக்கு. மாசக் கணக்குல ஒடஞ்சு கெடந்ததாக்கும்" என்றேன். கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்துக் காட்டினேன். பார்த்தார். தலையை ஆட்டினார். திரும்பிப் போய் அதே கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

சரக்கைக் கேட்ட விலைக்கு அங்கேயே தள்ளிவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே மூங்கில் வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டி, காலி வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்தோம்.

மறுநாள் சாமி சந்துக்கு வெளியே வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நேற்றைய கருவாட்டு நாற்றம் அப்படியே இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து, "நாம முன்னாலேயே பாத்திருக்கணும்டா" என்றார். சேசிஸை ஒட்டவைக்கச் சானல் இரும்புக்கும் வெல்டிங் வாயுவுக்கும் அவரே தெருத்தெருவாக அலைந்தார். யுத்தத்தில் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கே போனாலும் கையை விரித்தார்கள்.

ஆத்திரம் தாங்காமல் நான் கேட்டுவிட்டேன்: "முதல் நாளே சரக்கோட உள்ள விட்டிருந்தா இது வந்திருக்காதுல்லா சாமி?"

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "அதெப்படிடா நடக்கும்?" என்றார்.

கற்றுக்கொண்டது

வண்டியைப் பிரித்து விற்றார்கள். எஞ்சினை யாரோ வயலுக்குத் தண்ணீர் இறைக்க வாங்கிக்கொண்டு போனார்கள். நேசையன் சாலைக் கம்போளத்தில் மூட்டை சுமக்கப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வண்டி உங்கள் ஷெட்டுக்கு எப்படி வருகிறது என்று பார்க்காதீர்கள். அது வேலை செய்கிற இடத்தில் எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பாரம் ஏற்றுகிற வண்டியைப் பாரத்தோடு பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது பாருங்கள். அதற்குப் பிறகு நான் அப்படித்தான் வேலை செய்தேன், பல வண்டிகளைக் காப்பாற்றியும் இருக்கிறேன். அதனால் நேசையனுக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் கம்போளத்தில் அவரைப் பார்த்தேன். தலையில் சும்மாட்டோடு நின்று நலம் விசாரித்தார். தோள் ஒருபக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. நான் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தேன். அது பழைய விரிசல், துருவை நீர் கண்ணால் பார்த்தீர், ஞாயிற்றுக்கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்க வெசனப்படாதீங்க அண்ணாச்சி" என்றார். "அன்னைக்கு எனக்க கூட நீங்களும் வந்தீங்கல்லா. ஒங்களயும் கர்த்தர் மன்னிக்கணும்னு தெனமும் ஜெபம் பண்ணுதேன்."