பழனியின் கையும் கோவைக் கண்ணாடிக் குழாயும்

போன மார்கழியில் குன்னூரிலிருந்து கோவைக்குப் பத்து நாள், தினமும் போய் வந்தோம். ஊர் சுற்ற அல்ல. என் மச்சினன் பழனிக்கு வர்க்கி பிஸ்கட் சுடுகிற அடுப்பில் வலக்கை வெந்துவிட்டது. கோவை டாக்டர் தொடைத்தோலை எடுத்துப் புறங்கையில் ஒட்டினார். ஒட்டின தோல் ஓரத்தில் கறுக்க ஆரம்பித்தது.

“அங்க ரத்தம் போய்ச் சேர்ந்தா தோல் பிழைச்சுக்கும். இல்லீன்னா மறுபடி ஒட்டணும். விரல் முன்ன மாதிரி மடங்குமான்னு சொல்ல முடியாது” என்றார். மாவு பிசைகிற கை. தினம் ஒரு தடவை கண்ணாடிக் குழாய்க்குள் படுக்க வைத்து, அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவானது.

அங்கேயே தங்கலாமே என்பீர்கள். டாக்டரும் அதைத்தான் சொன்னார். பழனி ஐயாவுக்குச் சொந்தக் கட்டிலில்தான் தூக்கம் வருமாம்.

காலை ஆறு மணிக்குப் பேருந்து. மேட்டுப்பாளையம் வழியாக எழுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஜன்னலோரம் பிடியுங்கள். தேயிலை மேல் பனிமூட்டம் தூங்கிக் கொண்டிருக்கும். பேருந்து அதற்குள் இறங்கும்போது நாம் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வரும். பாதி மலை இறங்கிப் பர்லியார் வரும்போது காது அடைக்கும், ஸ்வெட்டர் கழன்றுவிடும்.

அந்தக் குழாய், படுத்துக் கிடக்கிற ஆள் உயரக் கண்ணாடி. பருத்தி உடுப்பு மாட்டிப் பழனியை உள்ளே தள்ளி மூடினார்கள். காற்று ஏற ஏறக் காது அடைக்குமாம்.

“மலை இறங்கற மாதிரிதானுங்க. எச்சி முழுங்கீட்டே இருங்க” என்றார் குழாயைப் பார்த்துக்கொள்ளும் ஜோதி.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் பழனியின் குரல் வந்தது. “மச்சான், நான் இன்னும் பர்லியார்லயே இருக்கறேன்.” அப்புறம் தூங்கிப் போனான். ஒன்றரை மணி நேரம் கண்ணாடிக்குள் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தேன். அவனும் ஏதோ பனிமூட்டத்துக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் மலைப்பாதை வளைவுகளில் அவனுக்குத் தலை சுற்றியது. எங்கள் ஊர் வழக்கப்படி நெற்றியிலும் கழுத்திலும் யூகலிப்டஸ் தைலத்தை அப்பிவிட்டேன். ஜோதி வாசலிலேயே நிறுத்தினார்.

“ஏனுங்க, உள்ள நெறைய ஆக்சிஜன். எண்ணெய்ப் பசை இருந்தா ஒரு பொறி போதும், தீப்பிடிச்சுக்கும். சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு வரச் சொல்லுங்க.”

பழனி என்னைப் பார்த்தான். “அடுப்புல பாதி வெந்தது பத்தாதுன்னு, முழுசா வேக வெக்கப் பாத்தீங்களா?”

“உங்கக்கா குடுத்து விட்டதுடா.”

“ரெண்டு பேரும் கூட்டா?”

சிரித்தோம். கைக்கட்டில் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்தபடி, தைல வாசம் போகும்வரை இரண்டு தரம் சோப்புப் போட்டு அவனைக் குளிப்பாட்டினேன். அன்று கடைசி ஆளாக உள்ளே விட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். எண்ணெய், தைலம், கம்பளி, போன், தீப்பெட்டி எதுவும் உடம்போடு போகக் கூடாது. சளி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், காது தாங்காது. வெந்த புண் எல்லாவற்றுக்கும் இது தேவைப்படாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். திரும்பும்போது பசி கொல்லும், மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டுவிடுங்கள்.

பத்தாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். கறுப்பு நகக்கண் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதன் பக்கத்தில் விரலால் அழுத்தி எடுத்தார். தோல் வெளுத்தது. வெளுத்த இடம் மெல்லச் சிவந்தது.

“ரத்தம் வந்துருச்சு” என்றார்.

பழனி கையை நீட்டியபடியே இருந்தான். “இன்னொருக்கா அமுக்குங்க சார். மச்சான் சரியாப் பாக்கலை.”