மீண்டு வந்தவனின் அப்பா

சிகரெட்டைக்கூடத் தொடாத என் மகனைப் போதைக்காரன் என்று ஊரறியச் சொன்னவன் நான்தான். பெற்ற அப்பன்!

எப்படி வாய் வந்தது என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் தேவாலயத்தில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். போதை கலந்த மின்சிகரெட் பக்கம் பிள்ளைகள் போகாமல் காப்பது எப்படி என்று. பேச வந்த அம்மா, "உங்கள்ல யாருக்காவது வீட்ல அனுபவம் இருக்கா? மனசு விட்டுப் பேசலாம்," என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பின்னால் மேசையில் கறி பஃப் ஆறிக்கொண்டிருந்தது...

அந்த அமைதி இருக்கிறதே... எனக்கு ஆகாது! உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் நான். வகுப்பில் அப்படி அமைதி வந்தால் வாத்தியார் என்னைத்தான் எழுப்புவார். அந்த அம்மாவின் கண் என்மேல் பட்டது. எழுந்துவிட்டேன்.

"எம் பையன்..." என்றேன். மீதி தானாக வந்தது. பூட்டிய அறை, மின்சிகரெட்டின் மாம்பழ வாசனை, சிவந்த கண், நான் அழுதது, அவன் அழுதது, கடைசியில் மீண்டது... எல்லாம்! வராமல் என்ன செய்யும்? மகன் ஜெய்சனின் அம்மா இறந்த பிறகு அவள் பங்குக் கவலையும் என் தலையில்தான். படுத்தாலும் நடந்தாலும் நான் கற்பனையில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான காட்சிகள் அவை. வாழ்நாளிலேயே நான் படித்து வைத்திருந்த கேள்வி வந்தது அந்த ஒரு தடவைதான்!

கைதட்டினார்கள். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. 'பயமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லியிருக்கலாமே? அதுதானே உண்மை?

மறுவாரமே தேக்கா சந்தையில் நான் வேலை செய்யும் காய்கறிக் கடைக்கு முருங்கைக்காய் வாங்க வந்தவர்கள் ஆலோசனையும் வாங்கிப் போனார்கள். கூட்டத்தில் கேட்டதையே சொன்னேன். கத்தாதீங்க, பையைக் குடையாதீங்க, பிள்ளை சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீங்க. சொன்னவன் யார்? மகனின் பள்ளிப்பையைத் தினமும் மோந்து பார்ப்பவன்!

ஒருநாள் சகாயம் வந்தார். ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை. கூட்டத்தில் தரையைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். கத்திரிக்காயை எடுப்பதும் வைப்பதுமாக நின்றார்.

"அண்ணே, எம் பொண்ணும் அதுலதாண்ணே இருக்கா. அடிச்சிட்டேன்."

"இனிமே அடிக்காதீங்க. பக்கத்துல உக்காருங்க. ஆலோசகர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போங்க," என்றேன்.

போனார். இப்போது பெண் சிகிச்சையில் இருக்கிறாள். "உங்க பையன் மீண்டுட்டான்ல? அதச் சொல்லித்தாண்ணே அவள தெனமும் எழுப்புறேன்," என்கிறார்.

இனி நான் எப்படி உண்மையைச் சொல்வது?

இதற்கிடையில் தேவாலய இளையர் குழுவில் சாட்சி சொல்ல ஜெய்சனையே கூப்பிட்டுவிட்டார்கள்! வீட்டுக்கு வந்து கேட்டான்: "டாடி, மீண்டு வந்த கதைய ஷேர் பண்ணச் சொல்றாங்க. நான் எதுலேருந்து மீண்டேன்? மேத்ஸ்ல இன்னும் பெயில்தான் லா."

"பாவத்துலேருந்துடா. எல்லாரும்தான்," என்றேன். அடுத்த பொய்... அதுவும் ஆண்டவர் பெயரில்!

சிரித்துக்கொண்டே போனான். நேற்று சிரிக்கவில்லை. பொங்கோலில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலேயே இருக்கிறான் அவன் கூட்டாளி கெவின். கெவினின் அம்மாவும் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர். இனிமேல் தங்கள் வீட்டுக்கு வரவேண்டாம் என்று இவனிடம் சொல்லிவிட்டாராம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"நான் என்ன பண்ணேன் டாடி?"

உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். சொன்னால், நாளைக்குச் சகாயம் எதைச் சொல்லி அந்தப் பெண்ணை எழுப்புவார்? சொல்லாவிட்டால் இவன்...? யாருடைய பிள்ளையை நான் கைவிடட்டும், நீங்களே சொல்லுங்கள்!

"அந்தம்மா ஒரு மாதிரிடா. நீ ஒண்ணும் நெனச்சுக்காத," என்றேன். தன் பிள்ளையைக் காக்க நினைத்தவர் மேல் பழி!

"சரி டாடி," என்றான். நம்பிவிட்டான்... பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனான்.