கால்வாயில் குதித்த மேனேஜர்

எழுபதுகளில், திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த சாயத் தொழிற்சாலைக்கு ஒரு மேனேஜர் வந்தார். ஒல்லியான மனிதர், டை கட்டாமல் வரமாட்டார், சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. தினமும் எங்கள் கழிவுநீர்க் கால்வாயில் கைக்குட்டையை நனைத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். "தண்ணி தெளியலேன்னா வேலையை விட்டுடறேன்" என்று முதலாளிகளிடம் சொல்லித்தான் சுத்திகரிப்புத் தொட்டிகளைக் கட்டினார்.

முதன்முதலாகத் தண்ணீர் தெளிந்து வந்த காலையில், ஷூவைக்கூடக் கழற்றாமல் கால்வாயில் குதித்துவிட்டார்.

மீன்கூடையோடு போன ஒரு அம்மா பதறி நின்றாள். "இன்னா நைனா, கால் வழுக்கி வுயுந்துட்டியா?"

"இல்லம்மா, குளிக்கிறேன்! சட்டையில சாயம் ஒட்டியிருக்கா, பாருங்க!"

அவள் உற்றுப் பார்த்தாள். கூடையை என் கையில் திணித்தாள். "அப்ப கொஞ்சம் நவுரு, நானும் வரேன்!"

இருவரும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். கரையில் நின்று நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அவ்வளவு சந்தோஷத்தை அந்த மனிதர் அத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, இன்றும் எனக்குப் புரியவில்லை.