சீஸ் இல்லாத செய்தி

விஸ்கான்சினில், சுவிஸ்காரர்கள் குடியேறிய சிற்றூர் ஒன்றில், ரெகுலா ஸ்விக்கி வெகுகாலமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அமெரிக்கச் செய்தியில் சுவிஸ்காரர்கள் என்றாலே வங்கி, கடிகாரம், சீஸ்தான். உள்ளூர்ப் பத்திரிகைக்கும் சுவிஸ் தேசிய நாளான ஆகஸ்ட் முதல் தேதிதான் அவள் ஞாபகம் வரும். நிருபர் டக் வந்து, பூவேலைப் பாவாடையைக் கட்டச் சொல்வான், கையில் சீஸைத் திணிப்பான், ஆளுயரத்தைத் தாண்டிய மலைக்கொம்பை ஊதச் சொல்வான்.

“கொம்பும் கிடையாது, கிம்பும் கிடையாது. போய்யா!” என்று எரிந்து விழுவாள்.

இந்த ஜனவரியில் பேருந்து பனிப்புயலில் சிக்கிக்கொண்டது. உதவி வரும்வரை பிள்ளைகளைப் பாடவைத்து, தன் சாப்பாட்டையும் பகிர்ந்து கொடுத்தாள் ரெகுலா. மறுநாள் முதல் பக்கத்தில் டக் எழுதியிருந்தான்: ‘பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார் நம் ஊர் ஓட்டுநர் ரெகுலா.’

கணவன் யோஸ்ட் அதைப் படித்துவிட்டுச் சீண்டினான். “என்னடி, சுவிஸுங்கிற வார்த்தையே காணோம்? சீஸ் எங்க போச்சு?”

ரெகுலா கண்ணைத் துடைத்துக்கொண்டு டக்குக்குப் போன் போட்டாள்.

“ரொம்ப நன்றிப்பா. ஆகஸ்ட்ல வா, அந்தக் கொம்பை ஊதித் தொலைக்கிறேன்.”