நடுவில் பயப்படுகிறவர்

ஆற்றோரப் பம்ப் அறைக்குப் பின்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஊதிக்கொண்டிருந்தார். உள்ளே எறும்பு. "தட்டினா செத்துடும் சார், ஊதினா தானா போயிடும்" என்று எனக்கு விளக்கம் வேறு. எறும்பு போகவில்லை. மறுபடி ஊதினார். வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்ததால் டப்பா இடது கையில் இருந்தது. மூடி நழுவி விழுந்தது. உடனே குனியாமல் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே விழுந்த எதையும் அவர் அப்படித்தான் எடுப்பார். அது அங்கேயே கிடந்தால் என்ன என்று ஒரு யோசனை ஓடி முடிந்த பிறகுதான் முதுகு வளையும்.

ஆற்றோர நடைபாதைக்கு வருகிறவர்கள் அவரை வாத்துக்காரர் என்பார்கள். வீட்டில் வாத்து இல்லை. பாதை நெடுகப் பாலத்தடியிலும் மரப்பொந்திலும் கற்களுக்கு இடையிலுமாகப் பன்னிரண்டு டப்பாக்களை ஒளித்துவைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் அவரே அழிரப்பரில் செதுக்கிய ஒரு வாத்து சீல், மை பேட், ஒரு குட்டி நோட்டு. எங்கே தேடுவது என்பதற்கு இணையத்தில் குறிப்பு உண்டு. தேடி வருகிறவர்கள் சொந்தமாக ஒரு நோட்டும் ஒரு சீலும் கொண்டுவருவார்கள். டப்பாவின் சீலைத் தங்கள் நோட்டில் குத்திக்கொள்வார்கள், தங்கள் சீலை டப்பாவின் நோட்டில் குத்துவார்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான். பரிசு, பாராட்டு எதுவும் கிடையாது. இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று ஒருமுறை வாயை விட்டுவிட்டேன். "தூண்டிலைப் போட்டுட்டு ஒருத்தன் நாள் பூரா உக்காந்திருக்கான். அவன்கிட்ட கேக்குறீங்களா?" என்றார்.

இப்போது அவருக்கு வேலை, லிப்டுக்குள் ஓடும் சின்னத் திரைகளுக்கு அம்புக்குறி ஆட வைப்பது. 'கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்பு துள்ளுமே, அது அவருடையது. அதற்கு முன்னால் கார்ட்டூன் படக் கம்பெனி ஒன்றில் படம் வரைந்துகொண்டிருந்தார். அங்கே என்ன வரைந்தீர்கள் என்று கேட்டால் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வார்:

"கல்லு மேல நிக்கிற வாத்தை எங்க பெரிய ஆர்ட்டிஸ்ட் வரைவாரு. தண்ணில விழுந்த வாத்தையும் அவரே வரைவாரு. நடுவுல பயப்படுறது என் வேலை."

தண்ணீருக்குப் பயந்த ஒரு வாத்துக்குஞ்சின் கதையாம் அது. படம் முழுக்க ஆற்றங்கரையோடே நடந்துபோய், கடைசியில்தான் குதிக்கும். அந்தக் குதியின் நடுப்பகுதியை இவர் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். மணிக்கட்டு போனது அப்போதுதான். படம் முடிந்தது. ஆனால் வெளிவரவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். வாத்து குதித்ததை வெளியாள் ஒருவரும் பார்க்கவில்லை.

அதனால்தான் ஆற்றோரம் பன்னிரண்டு டப்பா. இது எனக்கே நெடுநாள் தெரியாது. "எல்லா டப்பாவிலும் அதே வாத்துதானா சார், நடுவில் ஒரு தவளை, நண்டு போடக்கூடாதா?" என்று நான் நச்சரித்த பிறகுதான் சொன்னார். அதே வாத்து இல்லையாம். முதல் டப்பாவில் நிற்கிறது, இரண்டாவதில் கழுத்தை நீட்டுகிறது, மூன்றாவதில் முழங்கால் மடிகிறது. பன்னிரண்டையும் வரிசையாக, ஒரு தாளுக்கு ஒன்றாக, ஒரே மூலையில் குத்திக்கொண்டு நோட்டைச் சரசரவென்று புரட்டினால் வாத்து குதிக்கும்.

யாரும் புரட்டவில்லை. எல்லோரும் தாளின் நட்டநடுவில் ஆசையாகக் குத்தினார்கள். சிலர் ஒரே பக்கத்தில் நாலைக் குத்தினார்கள். 'ஒரே வாத்தைப் பன்னிரண்டு தடவை செதுக்கியிருக்கிறார், சோம்பேறி' என்று இணையத்தில் ஒரு புண்ணியவான் எழுதிவைத்தார். அதைப் படித்த நாளில் அவர் முகம் எனக்கு நினைவிருக்கிறது. கோபமே இல்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"மூலையில் குத்துங்கள் என்று ஒரு வரி எழுதிப்போட்டால் தீர்ந்தது" என்றேன்.

"எழுதலாம். அப்புறம் புரட்டுங்கன்னு எழுதணும். அப்புறம் சிரிங்கன்னு எழுதணும். வேணாம் சார். அவங்களா பாத்தாதான் அது படம்."

பிடிவாதத்தில் மட்டும் மனிதருக்கு அலுப்பே கிடையாது.

மை காயும், எறும்பு ஏறும், மழைக்குப் பிறகு நோட்டு ஊறி உப்பும். வாரக் கடைசியானால் தூரிகையும் துணியுமாகக் கிளம்பிவிடுவார். அவர் மனைவி என்னிடமே கேட்டுவிட்டார்: "நீங்களாவது சொல்லக்கூடாதா? கையைத் தூக்கித் தலை சீவ முடியல, வாத்துக்கு வைத்தியம் பாக்கப் போறாரு." போன மாதம் தண்ணீர் பெருகி நாலு டப்பாவுக்குள் சேறு புகுந்தது. எல்லாவற்றையும் கழுவி, கெட்டுப்போன சீல்களைத் திரும்பச் செதுக்கி வைத்தார். வைத்துவிட்டு வந்து, "போதும்ங்க. எடுத்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்தம்மாவுக்கே திக்கென்றதாம்.

எடுக்கப் போன அன்று சாக்கைப் பிடிக்க நானும் கூடப் போனேன். பம்ப் அறைக்குப் பின்னால் எறும்பை ஊதியது அன்றுதான். சாக்குக்குள் போகிற டப்பாவுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுக்கொண்டு நடந்தோம். பதினோராவது விழுந்தபோது சாக்கு கனக்கவேயில்லை, அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

கடைசி டப்பா, பாதை முடிகிற இடத்தில் இருக்கும் பெஞ்சுக்குப் பின்னால், வேருக்கடியில். பெஞ்சில் ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த டப்பா. காலையில் எங்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் தேடி முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். எங்களைப் பார்த்து, "ஒரு நிமிஷம் சார், தோ முடிச்சுட்டேன்" என்றார்.

சீலை மையில் ஒற்றினார். நோட்டைத் திறந்தார். தாளின் வலது மேல்மூலையில், அளவெடுத்தது போல, டப்பென்று ஒரு குத்து.

வாத்துக்காரர் என் கையைப் பிடித்தார்.

"மூலையிலயா குத்துறீங்க?" என்று கேட்டேன் நான்.

அந்தம்மா சிரித்தார். "தபால் ஆபீஸ் கை சார் இது. கவர்ல ஸ்டாம்ப் எங்க இருக்கோ அங்கதான் போகும். லீவு நாள்லகூட அடங்க மாட்டேங்குது." மை காய ஊதிவிட்டு, நோட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து முதல் தாளிலிருந்து ஒரு ஓட்டு ஓட்டினார். சீல் விழாத கவர் எதுவும் இருக்கிறதா என்று கட்டைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் போலும்.

விரல் நின்றது. நோட்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி ஓட்டினார். மூன்றாம் முறை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"ஐயோ, இது குதிக்குதுங்க! இங்க பாருங்களேன், பயந்து பயந்து குதிக்குது!"

நானும் பார்த்தேன். வாத்து கல்லில் நின்றது, கழுத்தை நீட்டியது, பின்வாங்கியது, கண்ணை மூடிக்கொண்டு விழுந்தது.

"யாரு பெத்த புள்ளையோ, உக்காந்து செஞ்சிருக்கு. நீங்களும் தேடத்தான் வந்தீங்களா?"

செய்தவர் இவர்தான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வாத்துக்காரர் என் காலை மிதித்தார்.

"ஆமாங்க" என்றார். "இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினார். பிறகு டப்பாவை எங்களிடம் தந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நடக்கும்போதே நோட்டைப் புரட்டியபடி போனார்.

நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன். அவர் டப்பாவைப் போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சாக்கை வாங்கி, உள்ளே கைவிட்டுத் துழாவி, ஏழாவது டப்பாவை வெளியே எடுத்தார்.

"இதுல றெக்கை தடிச்சுப்போச்சு சார். அந்த இடத்துல உதறுது. கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை.

மணிக்கட்டுப் பட்டையின் முனையைப் பல்லால் கடித்துப் பிரித்தார். சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, றெக்கையின் ஓரத்தில் ஒரு இழை சீவி, ரப்பர் தூளை ஊதினார்.