தாங்கியில் யாருடைய பெயர்

பிறநாட்டுத் திருச்சபைகளுக்குக் காசு சேர்க்கும் மறைபரப்பு ஞாயிறன்று, பூசை முடிந்ததும் எங்கள் கோயில் முற்றத்தில் ஏலம் கூறுவது நான்தான். மைக் தருவார்கள், வாங்க மாட்டேன். என் குரல் கல்முனை பசார் வரை கேட்கும் என்று வீட்டுக்காரர் சொல்வார்; அதை அவர் புகழ்ச்சியாகச் சொல்வதில்லை. சனங்கள் கொண்டுவரும் பூசணிக்காய், சேவல், தேங்காய்க் குலை எல்லாவற்றையும் நல்ல விலைக்குத் தள்ளிவிடுவேன். பசாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் காக்கா என்போம், ஒவ்வொரு வருடமும் வந்து, பூசணிக்காயை விட்டுக்கொடுக்காமல் கேட்டு வாங்கிப் போவார்.

சென்ற முறை சேர்ந்த பணம் மடகஸ்காரில் உள்ள ஒரு மலைக்கிராமத்துக்கு. எங்கள் பக்கத்திலிருந்து போன குருவானவர் ஒருவர் அங்கே பணி செய்கிறார். பெண்கள் பள்ளத்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஏறுகிறார்கள், கோயிலோடு ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டினால் கூரையில் விழும் மழைத்தண்ணீரே போதும் என்று சொல்லியிருந்தார். ஏலத்தில் வந்தது போதவில்லை. மீதியைத் தான் போடுவதாக எங்கள் பங்குச் சபைத் தலைவர் ஒத்துக்கொண்டார். சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். ஆனால் ஒரு நிபந்தனை.

"தாங்கியில நம்மட கோயில்ர பேர பெரிசா எழுதோணும். இல்லாட்டி நான் காசு போடமாட்டன்."

சபைக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். முன்சுவரில் அதைக் கட்டித் தந்தவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. அவர்கள் இல்லாவிட்டால் கூடாரத்திலேயே கிடந்திருப்போம். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு. ஆனாலும் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று முதலில் அந்தப் பலகையைத்தான் வாசித்தார்கள். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எழும்பி நின்று கேட்டேன்.

"அண்ணன், சுனாமிக்குப் பொறகு ஒங்களுக்கு ஒரு வள்ளம் தந்தாங்க. அதுல தந்த ஆக்கள்ர பேர் இரிந்திச்சே, இப்ப எங்க?"

அவர் காதைச் சொறிந்தார்.

"மொத பெயின்ற் அடிக்கக்குள்ள அழிச்சிட்டன்."

"ஏன்?"

"கடல்ல எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்தான் என்னயக் கூப்பிட்டாங்க, தங்கச்சி."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. "சரி, பேர் வேணாம். காச அனுப்புவம்" என்றார். அந்த மனிசனை அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகப் பிடித்தது.

தாங்கி கட்டி முடிந்ததும் அங்கிருந்து குருவானவர் எனக்குப் போன் எடுத்தார். யாருடைய பெயரை எழுதுவது என்று ஊர்ப் பெண்கள் பெயின்ற் வாளியோடு நிற்கிறார்களாம். அவர்களுக்கு வந்த பொருள் எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் பெயர் இருக்கும், அந்தப் பழக்கம். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற தலைவர் போனைப் பறித்தார்.

"அவங்கட ஊர்ர பேர எழுதச் சொல்லுங்க, பாதர்."

படம் வந்தது. கோணல்மாணலாக, தாங்கியைச் சுற்றிப் பெரிய நீல எழுத்துகள். முன்னால் ஈரக் கைகளோடு பெண்கள். தலைவர் அதைக் காட்டாத ஆள் கல்முனையில் இல்லை. ஹாட்வெயார் காக்காவிடம் காட்டியபோது நானும் கூட நின்றேன். காக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார்.

"இதுல எங்க நம்மட பேரு?"

"நம்மட பேர் இல்ல, காக்கா" என்றார் தலைவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "அது அவங்கட தாங்கி."