வாப்பா கடித்துப் பார்த்த கொட்டை

இன்று காலை கோப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். "கண்டிக்குப் போய் வியாபாரம் படிக்க எனக்கு ஏலாது உம்மா. வாப்பா படிச்சா தேயிலக் கட போட்டாரு?" என்றான் மகன். பதில் சொல்லுமுன் வறுபட்ட வாசனை என்னைத் தெல்தெனியாவின் பழைய வீட்டு வாசலுக்கு இழுத்துப் போய்விட்டது.

அங்கே வாசல் நிறையப் பாய்களில் கோப்பி காயும். கிராமத்தார் விற்கக் கொண்டுவந்த மூட்டையை இறக்கியதும் என் வாப்பா ஒரு கொட்டையை எடுத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் நன்றாகக் காய்ந்த சரக்கு. மெத்தென்றால் மூட்டை திரும்பிவிடும். ஒருநாளும் பிசகியதில்லை.

அவர் கோப்பித் தோட்டம் ஒன்றை வாங்கப் புறப்பட்ட அன்று, கொழும்பில் வியாபாரம் படித்து வந்திருந்த, எனக்கு மூத்தவரான நானா பத்திரிகையுடன் குறுக்கே நின்றார்.

"இலையில நோய் பரவுதாம் வாப்பா. இப்ப வாங்க வேணாம்."

வாப்பா அந்தத் தோட்டத்துக் கொட்டை ஒன்றை வாயிலிட்டார். 'டக்'.

"நல்ல சரக்குடா. உன்ட படிப்பு இதச் சொல்லுமா?"

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். நானா பத்திரிகையை மடித்துக்கொண்டார்.

கொட்டையில் ஒரு குறையும் இல்லை. மரம்தான் செத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வருடம் அந்தத் தோட்டத்தை விறகுக்கு வெட்டினோம்.

"கரியுது உம்மா!" என்றான் மகன். சட்டியை இறக்கினேன்.

"உடுப்ப எடுத்து வை. கண்டிக்குப் போய்ப் படி."

அவன் வாப்பா தேயிலையை முகர்ந்தே தரம் சொல்லிவிடுவார். இதுவரை ஒருநாளும் பிசகியதில்லை. எனக்குப் பயமே அதுதான்.